இடைவெளியை அளந்தவர்

நுழையும்முன்

உயிர்களின் உடலைத் தாங்குபவை புரதங்கள். உயிரின் பண்புகளைத் தலைமுறைதோறும் கடத்துவது டி.என்.ஏ. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. இவற்றின் வடிவத்தை அறிய, அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்னும் அளவை முதலில் அறிதல் வேண்டும். அந்த அளவைச் சென்னையிலிருந்து ஆராய்ந்து உலகிற்கு வழங்கிய அறிவியலர் ஜி.என். இராமச்சந்திரன். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வடமும் தும்பியும்

சேலத்திற்கு வடமேற்கே, சரபங்கா ஆறு பாயும் நிலப்பகுதியில் அமைந்துள்ளது ஓமலூர். மின்னேற்றிகள் வருவதற்கு முன்பு இவ்வட்டாரத்து உழவர்கள் கவலை கட்டித் தங்கள் வயல்களுக்கு நீர் இறைத்தனர். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபடும்; ஆழ்கிணற்றிலிருந்து நீர் நிறைந்த சால் மேலேறும்; சாலின் அடியில் கட்டிய தோல்தும்பி வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும்.

அந்த வடத்தைச் சற்று உற்று நோக்குவோம். ஒரு நாரைக் கையால் அறுத்துவிடலாம். நார்களை ஒருபுறமாக முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்புறமாக முறுக்கினால் அது எருதுகளின் இழுப்பையும் நீரின் பாரத்தையும் தாங்கும் வடமாகிவிடுகிறது. உள்முறுக்கு அவிழ முயலும்போது வெளிமுறுக்கு அதனை இறுக்கிப் பிடிக்கிறது. கயிறு திரிப்போர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த நுட்பம் இது.

வடத்தோடு சேர்ந்து உழைத்த தோல்தும்பிக்குள்ளும் இதே நுட்பம் அமைந்திருந்தது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதுவும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறே. நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய அனைத்திலும் கொலாஜன் உள்ளது. நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே ஆகும். இம்முப்புரி வடிவத்தைக் கண்டறிந்த இடம் சென்னை, கிண்டி. கண்டறிந்தவர் இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவருடைய பெயரின் முன்னெழுத்து நெல்லைச் சீமையில் உள்ள கோபாலசமுத்திரம் என்னும் மூதாதையர் ஊரைக் குறிக்கிறது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னர் அக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். தாயார் இலட்சுமி அம்மாள். கணிதத்தின் மீது இராமச்சந்திரனுக்கு இருந்த நாட்டம் தந்தையாரிடமிருந்து வந்ததாகும்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பாடம் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திலேயே முதலிடம் பெற்றுத் தேறினார். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையின் தலைவராக இருந்தவர் சர் சி.வி. இராமன். இளைஞரின் ஆற்றலை உணர்ந்த அவர், மின்பொறியியல் துறையிலிருந்து அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் இராமச்சந்திரனின் வாழ்க்கைப் போக்கையே திருப்பியது.

ஊடுகதிர்களைப் படிகத்தின் மீது செலுத்தினால் அவை சிதறி, ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதிகின்றன. அப்புள்ளிகளின் அமைப்பிலிருந்து படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் கணக்கிடலாம். இராமனிடம் இக்கலையைப் பயின்ற இராமச்சந்திரன், 1947இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். லைனஸ் பாலிங்கின் உரைகளை அங்கே கேட்டார். பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை, சிறிய மூலக்கூறுகளில் அளந்தறிந்த இடைவெளிகளைக் கொண்டு உய்த்துணரலாம் என்பது பாலிங் காட்டிய நெறி. அந்நெறி இளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி. இராமனின் பரிந்துரையை ஏற்று, ஏறத்தாழ முப்பது வயதே ஆகியிருந்த இராமச்சந்திரனை அவர் பேராசிரியராக அமர்த்தினார். பெங்களூருவில் இருந்த அளவுக்குக் கருவிகள் கிண்டியில் இல்லை. துறையையே புதிதாக உருவாக்க வேண்டிய நிலை. ஆயினும் புதிதாகத் தொடங்கும் ஓர் இடத்தில் எந்தக் கேள்வியை ஆராய்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது.

அந்த ஆண்டில் ஆங்கிலேய அறிவியலர் ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பைப் பற்றி அதுவரை வெளிவந்த கருத்துகள் எவையும் நிறைவு தரவில்லை என்பதை அவருடனான உரையாடலில் இராமச்சந்திரன் அறிந்துகொண்டார். தம் கேள்வியை அவர் கண்டுகொண்டார்.

பல்கலைக்கழக வளாகத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் பற்றிய ஆய்வுக்கென்றே அமைந்த அந்நிறுவனத்தில் கொலாஜன் பற்றிய அறிவும் ஆய்வுக்குரிய மாதிரிகளும் கிடைத்தன. தம்முடன் ஆய்வில் இணைந்த கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் இழைகளின் ஊடுகதிர்ப் படங்களை அவர் ஆராயலானார்.

முப்புரி

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோத்த தொடர். கொலாஜனின் மணிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசீன் என்பது வேதியியலர் முன்பே கண்டறிந்த செய்தி. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசீன். அதன் பக்கத் தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவாகும். இந்த எண் தற்செயலாக அமைந்ததன்று என்று இராமச்சந்திரன் கருதினார். மூன்று இழைகள் நெருங்கிச் சேரும் நடுப்பகுதியில் பெரிய தொகுதிகளுக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வோர் இழையிலும் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசீனாக இருந்து, உட்புறம் நோக்கி நிற்றல் வேண்டும். இக்கருத்தின் அடிப்படையில் அமைந்த முப்புரி மாதிரியை இராமச்சந்திரனும் கார்த்தாவும் 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

முதல் மாதிரியில் மூன்று சுருள்களும் அருகருகே நேராக நின்றன. ஊடுகதிர்ப் படங்களோடு அது முழுமையாகப் பொருந்தவில்லை. நிலா தன்னைத்தானே சுற்றிக்கொண்டே புவியையும் சுற்றுவதால் அதன் ஒருபக்கம் மட்டுமே புவியை நோக்கியிருக்கிறது. இந்த உண்மை அவருக்கு வழிகாட்டியது என்பர். இழை ஒவ்வொன்றும் தானும் சுருண்டு, மூன்றும் ஒரே அச்சைச் சுற்றியும் முறுக்கிக்கொண்டால் கிளைசீன் எப்போதும் நடுவை நோக்கியே நிற்கும். 1955இல் வெளியிட்ட திருத்திய மாதிரியில் தனி இழைகள் இடப்புறமாகவும், மூன்றும் சேர்ந்த முறுக்கு வலப்புறமாகவும் அமைந்தன. வடம் திரிப்போர் கையாளும் எதிர்முறுக்கு நுட்பத்தை இயற்கை மூலக்கூறிலும் கையாண்டிருப்பது இவ்வாறு தெரியவந்தது.

இவ்வமைப்பின் அருமை அது குலையும்போது நன்கு விளங்குகிறது. கொலாஜன் தொடரில் ஒரே ஒரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் அதனினும் பெரிய அமினோ அமிலம் அமைந்துவிட்டால் முறுக்கு அவ்விடத்தில் நெகிழ்ந்துவிடும். சிறு அதிர்ச்சிக்கும் எலும்பு முறியும் மரபு நோய்க்கு இது ஒரு முதன்மையான காரணமாகும். இயல்பாக வளரவேண்டிய ஒரு குழந்தையின் எலும்பு உறுதியாக நிற்பதற்கும் நொறுங்குவதற்கும் இடையே நிற்பது சில அணுக்களின் அளவுள்ள இடவசதியே ஆகும்.

எழுந்த மறுப்பு

சென்னையின் கண்டுபிடிப்புக்கு விரைவிலேயே மறுப்பு எழுந்தது. டி.என்.ஏ.வின் ஈரிழைச் சுருளை ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து 1953இல் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவருடன் இணைந்து கொலாஜனை ஆராய்ந்தார். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அவர்களும் ஏற்றனர். ஆனால், சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுமீறி நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதாகச் சென்னை மாதிரி காட்டியது; ஒன்றுக்கே இடமுண்டு என்பது அவர்களின் கருத்து.

உலகப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மறுப்பு அது. வளங்குறைந்த புதிய துறையின் இளம் தலைவர் ஒருவரைச் சோர்வடையச் செய்ய அதுவே போதுமானது. இராமச்சந்திரன் அந்த மறுப்பைத் தமக்கான அடுத்த கேள்வியாக மாற்றிக்கொண்டார். அளவுமீறிய நெருக்கம் என்றால் அந்த அளவு எது? அதனை வரையறுத்தவர் யார்? இவற்றுக்கு உறுதியான விடை அன்று நூல்களில் இல்லை.

பிற்கால ஆய்வுகள் இருதரப்பிற்கும் உரிய இடத்தை வழங்கின. 1994இல் கொலாஜனை ஒத்த சிறு தொடர் ஒன்றின் படிக அமைப்பு தெளிவாக அறியப்பட்டது. முப்புரி முறுக்கு உறுதியாயிற்று. ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் கிரிக், ரிச் ஆகியோரின் கருத்தே சரியென விளங்கியது. ஒரு கண்டுபிடிப்பின் அடித்தளம் நிலைத்து நிற்க, அதன் ஒரு பகுதி திருத்தம் பெறுவது அறிவியலின் இயல்பான நடையாகும்.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்களின் இடைவெளியை ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகால் அளப்பர். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடு படிகங்கள் ஆகியவற்றின் அளவுகளை இராமச்சந்திரன் குழுவினர் பொறுமையாகத் தொகுத்தனர். பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் பொதுவாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக நெருங்குவதில்லை, அரிதாக 3.0 வரை நெருங்கலாம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இவ்வெல்லைகள் 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம். இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் இயல்பெல்லை, இறுதியெல்லை என இரண்டு வரம்புகள் வகுக்கப்பட்டன.

புரதத் தொடரில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பகுதி தட்டையானது. அட்டைத் துண்டுகளை மூலையில் கோத்துவிட்டால் ஒவ்வொரு துண்டும் கோத்த இடத்தில் திரும்புவதுபோல, இத்தட்டைப் பகுதிகள் நடுவிலுள்ள கார்பன் அணுவில் இரண்டு திசைகளில் திரும்பலாம். அவ்விரு திருப்பங்களின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இரு கோணங்களும் தெரிந்தால் அவ்விடத்தில் தொடரின் போக்கு தெரிந்துவிடும்.

வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்கள் இப்பணியில் அவருக்குத் துணைநின்றனர். மேசைக் கணக்கிடும் பொறியைக் கொண்டு, கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணுக்கள் வரம்பு மீறி மோதுகின்றன எனக் கணக்கிட்டனர். கிடைமட்டக் கோட்டில் ஃபை, செங்குத்துக் கோட்டில் சை எனக் கொண்டு முடிவுகளைக் குறித்தபோது ஒரு வியப்பான படம் உருவாயிற்று. கட்டத்தின் பெரும்பகுதி, புரதம் நுழைய இயலாத தடைப்பகுதி. நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான பரப்பே அதற்குத் திறந்திருந்தது. அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த ஆல்ஃபா சுருளும், பீட்டா தகடும் அத்திறந்த பகுதிக்குள் அடங்கின. பக்கத் தொகுதி மிகச் சிறிதாக உள்ள கிளைசீனுக்கு மட்டும் விரிந்த இடம் கிடைத்தது.

1963இல் வெளிவந்த இப்படம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கப்படுகிறது. ஒரு புரதத்தின் அமைப்பைப் புதிதாகக் கண்டறியும் ஆய்வாளர், தம் முடிவு சரியானதா என்று சோதிக்க இவ்வரைபடத்தையே நாடுகிறார். தடைப்பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால் அமைப்பை மீண்டும் ஆராயவேண்டும் என்பது பொருள். ஒரு மறுப்புக்கு விடைதேடப் புறப்பட்ட பயணம், உலகினர் அனைவருக்கும் பொதுவான அளவுகோலைத் தந்தது.

தெரிந்து தெளிவோம்

மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவி, பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் அளவுகளைக் கணக்கிட்டு ஒரே படமாக்குகிறது. இக்கணக்கீட்டை எளிமையாகவும் விரைவாகவும் செய்யும் முறை ஒன்றை இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டனர். படத்தை மீட்டுருவாக்கும் துறையில் அது அடிப்படையான பங்களிப்பாக மதிக்கப்படுகிறது.

புரதமும் டி.என்.ஏ.வும் சந்திக்கும் இடம்

டி.என்.ஏ.வில் உயிருக்குரிய செய்திகள் எழுதப்பட்டுள்ளன என்றால், எந்தச் செய்தியை எப்போது வாசிப்பது என்பதை முடிவுசெய்பவை அதன்மீது வந்து அமரும் புரதங்கள். கண்ணின் செல்லிலும் ஈரலின் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். அவற்றின் பணிகள் வேறுபடுவதற்கு இப்புரதங்களே காரணம். டி.என்.ஏ.வின் குறுக்களவு ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம். அதன் சுருளில் ஓடும் பள்ளங்களில் புரதத்தின் ஆல்ஃபா சுருள் பொருந்தி அமர்கிறது. பொருத்தம் என்பது இங்கும் இடைவெளியைப் பற்றியதே. நெருங்கவேண்டிய அணுக்கள் நெருங்கவும், விலகவேண்டியவை விலகவும் இயன்றால் மட்டுமே பிணைப்பு நிகழும். இராமச்சந்திரனின் துறையினர் தங்கள் கோண ஆய்வுமுறையைப் புரதங்களோடு நிறுத்தாமல் நியூக்ளிக் அமிலங்களுக்கும் சர்க்கரைத் தொடர்களுக்கும் விரித்தனர்.

ஒரு புரதம் டி.என்.ஏ.வை எவ்வளவு வலுவாகப் பற்றுகிறது என்பதை அளக்க, இன்று டி.என்.ஏ.வைக் கொண்டே நுண்கருவிகள் செய்கின்றனர். 2016இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் டி.என்.ஏ. இழைகளை மடித்து, நானோமீட்டர் அளவில் ஒரு சட்டத்தை உருவாக்கினர். அதன் இரு முனைகளுக்கு இடையே வேறொரு டி.என்.ஏ. இழையைக் கட்டினர். அவ்விழை தளர்வாக இருந்தால் இழுவிசை குறையும்; நீளத்தைக் குறைத்துக் கட்டினால் இழுவிசை கூடும். நடுவில், டி.என்.ஏ.வைப் பற்றி வளைக்கும் இயல்புடைய ஒரு புரதம் அமர்வதற்கான இடம் இருந்தது. அவ்விடத்தின் இருபுறமும் இரு ஒளிரும் சாயங்களைப் பொருத்தினர். புரதம் அமர்ந்து டி.என்.ஏ. வளையும்போது சாயங்களின் இடைவெளி மாறுகிறது. அதனால் அவை தரும் ஒளியும் மாறுகிறது. ஒளி மாறிய சட்டங்கள் எத்தனை என எண்ணினால் பிணைப்பின் அளவு தெரிந்துவிடும். இழுவிசை கூடக்கூடப் பிணைப்பு குறைவதை அவர்கள் கண்டனர். பாரத்தால் விறைத்து நிற்கும் கவலை வடத்தை வளைப்பது அரிது என்பதை ஓமலூர் உழவரும் அறிவர். மூலக்கூறின் உலகிலும் அதுவே நிகழ்கிறது.

சென்னையில் பட்டம் பயின்ற யமுனா கிருஷ்ணன், பெங்களூருவில் டி.என்.ஏ. நுண்கருவி ஒன்றை உருவாக்கி, உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அளந்து 2009இல் அறிவித்தார். இக்கருவிகள் இராமச்சந்திரன் செய்தவை அல்ல. அவர் காலத்திற்குப் பின்னர்ப் பிறந்தவை. எனினும், மூலக்கூறுகளின் நெருக்கத்தைச் சொல்லால் வருணிப்பதோடு அமையாமல் எண்ணால் அளக்கவேண்டும் என அவர் வற்புறுத்திய நெறியை இவற்றிலும் காண்கிறோம்.

நிறைவுக் காலம்

1970இல் சென்னையை விட்டு நீங்கிய இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரி இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். 1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசையும், 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியையும் பெற்றார். 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் எவால்டு பரிசு வழங்கிச் சிறப்பித்தது. நோபல் பரிசு மட்டும் அவரை வந்தடையவில்லை. மெய்யியலிலும் இந்திய அளவையியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், அளவையியலைக் கணித வடிவில் அமைக்கும் முயற்சியிலும் பிற்காலத்தில் ஈடுபட்டார்.

முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. வாழ்க்கைத் துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தது பேரிழப்பாயிற்று. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார்.

பெருங்கருவிகள் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை. அருகில் இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும், மேசைமேல் இருந்த கணக்கிடும் பொறியையும், உடன் உழைத்த மாணவர்களையும் கொண்டு உலகம் ஏற்கும் அளவையை உருவாக்கினார். தம் முடிவில் பிறர் குறை கண்டபோது அக்குறையின் அடிவரை சென்று அளந்தார். அந்த அளவையே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. மூன்று நூல்களை ஒரே திசையில் முறுக்கிச் சேர்த்தும், எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்த்தும் இரண்டு கயிறுகள் செய்க. எது எளிதில் அவிழ்கிறது என்பதைக் கண்டு வகுப்பில் எடுத்துரைக்க.

2. உங்கள் ஊரில் கவலை இறைத்த காலத்தை அறிந்த பெரியவரிடம் வடம், சால், தும்பி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் கையாளும் சொற்களைத் தொகுக்க.

3. பிறர் சுட்டிய குறையே புதிய கண்டுபிடிப்புக்கு வழியாகலாம் என்பதை இப்பாடத்தின் துணைகொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.